75 லட்சம் அனுப்ப 58 ரூபாய். ஒரு நாள் தள்ளிப்போனால் 1,849 ரூபாய்

சோமனூரில் துணி லோடு கிளம்பும்போதும், ஈரோட்டில் மஞ்சளுக்குக் கணக்கு முடிக்கும்போதும் காதில் விழுகிற பேச்சு ஒன்றுதான்: “ஆர்டிஜிஎஸ் போட்டாச்சுங்களா? போட்டிருந்தா யூடிஆர் அனுப்புங்க, வண்டிய விட்டர்றேன்.” ஆர்டிஜிஎஸ் என்பது பெரிய தொகையை வங்கிக்கு வங்கி உடனுக்குடன் அனுப்பும் முறை; யூடிஆர் என்பது அப்படி அனுப்பியதற்கான அடையாள எண். ஒரு தலைமுறைக்கு முன்பு இதே இடத்தில் டிடி (வங்கி வரைவோலை) நம்பர் கேட்டார்கள். பணம் போகிற வேகம் மாறிவிட்டது. ஆனால் பெரிய தொகை அனுப்பப் போகிறவர் வங்கியில் கேட்கிற முதல் கேள்வி மாறவில்லை. “சார்ஜ் எவ்வளவுங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். கிளைக்கு நேரில் போய் ₹5 லட்சத்துக்கு மேல் ஆர்டிஜிஎஸ் போட்டால் வங்கி அதிகபட்சம் ₹49.50 வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ₹58.41. தொகை 75 லட்சமானாலும் ஏழரைக் கோடியானாலும் இதே ₹58.41தான். பணம் வாங்குகிறவருக்குக் கட்டணமே கிடையாது. நெட் பேங்கிங்கில் நீங்களே அனுப்பினால் பெரும்பாலான வங்கிகள் ஒன்றும் வாங்குவதில்லை. 2019 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கி தன் பங்குக் கட்டணத்தைக் கைவிட்டதன் பலன் இது.

இப்போது இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். அதே 75 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஏதோ ஒரு சிக்கலில் பணம் ஒரு நாள் நின்றுவிட்டால் வட்டி ₹1,849. ஆர்டிஜிஎஸ் கட்டணத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல். பத்திரப் பதிவுக்கு வாங்கிய டோக்கன் வீணாவதும், விற்பவர் மனம் மாறுவதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பெரிய தொகையில் செலவு கட்டணத்தால் வருவதில்லை. தினசரி வரம்பு, நேரம், ஒரு இலக்கம் மாறிய கணக்கு எண், பழைய ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீடு), உடைத்த எஃப்டி (நிரந்தர வைப்பு) என்று வேறு வாசல்கள் வழியாக வருகிறது.

வழிகளும் அவற்றின் அளவும்

யுபிஐயை இந்தப் பேச்சிலிருந்து முதலிலேயே விலக்கிவிடலாம். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப நாளொன்றுக்கு ₹1 லட்சம்தான் பொது வரம்பு. வரி, மருத்துவமனை, கல்விக் கட்டணம், பங்குச்சந்தை போன்ற சரிபார்க்கப்பட்ட இனங்களுக்கு வரம்பு கூடுதல். 2025 செப்டம்பர் 15 முதல் அவற்றில் பலவற்றுக்கு ஒரே தடவையில் ₹5 லட்சம் வரை அனுப்பலாம். ஆனால் நிலம் விற்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. 75 லட்சத்தை ஜிபேயில் அனுப்ப இரண்டரை மாதம் தினமும் போன் எடுக்க வேண்டும்.

கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ் 2010 நவம்பரில் வந்தது. 2021 அக்டோபரில் இதன் வரம்பு ₹2 லட்சத்திலிருந்து ₹5 லட்சமாக உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நடுராத்திரியிலும் சில நொடியில் பணம் ஏறும். கட்டணத்தை அந்தந்த வங்கி தன் விருப்பப்படி வைக்கிறது. அவசரத்துக்கு இரண்டு மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுக்க நல்ல வழி. இதில் உங்கள் கணக்கில் பணம் கழிந்து எதிர்க்கணக்கில் ஏறாவிட்டால் அடுத்த நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு ₹100 வீதம் உங்களுக்குத் தர வேண்டும்.

மிச்சம் இருப்பவை நெஃப்ட்டும் ஆர்டிஜிஎஸ்ஸும். பெரிய தொகை என்றால் இந்த இரண்டுக்குள்தான் தேர்வு.

நெஃப்ட்டுக்கு ரிசர்வ் வங்கி கீழ்வரம்பும் வைக்கவில்லை, மேல்வரம்பும் வைக்கவில்லை. ‘2 லட்சம் வரை நெஃப்ட், அதற்கு மேல் ஆர்டிஜிஎஸ்’ என்று பலர் நினைத்திருப்பது தவறு. ஆர்டிஜிஎஸ்ஸுக்குத்தான் குறைந்தபட்சம் ₹2 லட்சம் வேண்டும்; நெஃப்ட்டில் 75 லட்சமும் போகும். நெஃப்ட் அரை மணி நேரத்துக்கு ஒரு தொகுப்பாக, நாளுக்கு 48 தொகுப்புகளாக ஓடுகிறது. அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் வாங்குபவர் கணக்கில் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஆர்டிஜிஎஸ்ஸில் தொகுப்பு கிடையாது. ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக ரிசர்வ் வங்கியின் பேரேட்டில் அங்கேயே தீர்ந்துவிடும். வந்து சேர்ந்த அரை மணிக்குள் எதிர்வங்கி வரவு வைக்க வேண்டும். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட்டும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ்ஸும் விடுமுறை நாள் உட்பட 24 மணி நேரமும் நடக்கின்றன.

கட்டணத்தில் ஒரு சிறிய வேடிக்கை உண்டு. கிளையில் ₹2 லட்சத்துக்கு மேல் நெஃப்ட் போட்டால் உச்சவரம்பு ₹25, ஜிஎஸ்டியுடன் ₹29.50. ஆர்டிஜிஎஸ்ஸில் ₹2 லட்சம் முதல் ₹5 லட்சம் வரை ₹24.50, ஜிஎஸ்டியுடன் ₹28.91. அதற்கு மேல் முன்பு சொன்ன ₹58.41. ஆகவே 75 லட்சத்தை நெஃப்ட்டில் போட்டால் 29 ரூபாய் மிச்சம். அதற்கு விலையாக விற்பவரும் வாங்குபவரும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். லோடு நிற்கிற இடத்திலும் பத்திர ஆபீஸிலும் ஆர்டிஜிஎஸ்தான் சரி. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெஃப்ட் அனுப்ப 2020 ஜனவரி முதல் கட்டணமே கிடையாது என்பதால், அவசரமில்லாத எதற்கும் அது போதும். திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு எக்ஸெல் கோப்பை ஏற்றி மொத்தமாக அனுப்புவதற்கும் அதே வழிதான் பொருத்தம்.

முதல் முட்டுக்கட்டை: உங்கள் வங்கியே வைத்திருக்கும் வரம்பு

ரிசர்வ் வங்கி மேல்வரம்பு வைக்கவில்லை என்பதை நம்பி, பதிவு அன்று காலையில் செயலியைத் திறப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். நெட் பேங்கிங்குக்கு ஒவ்வொரு வங்கியும் தனித் தினசரி வரம்பு வைத்திருக்கிறது. கைபேசிச் செயலியில் அது இன்னும் குறைவு. அந்த வரம்புக்குள்ளும் வாடிக்கையாளர் எப்போதோ தன் கையால் குறைத்து வைத்த வரம்பு வேறு இருக்கும். இதெல்லாம் போதாதென்று, புதிதாகச் சேர்த்த பெனிபிஷியரிக்கு (பணம் பெறுபவருக்கு) முதல் சில மணி நேரமோ ஒரு நாளோ சிறு தொகைதான் போகும் என்ற கட்டுப்பாடும் உண்டு. மோசடிக்காரன் கையில் கணக்கு சிக்கினால் ஒரே அடியில் துடைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அதைத் தளர்த்தச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சிப் பயனில்லை; அது அவர் கையில் இல்லை.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும். மூன்று நாள் முன்பே பெனிபிஷியரியைச் சேர்த்துவிடுங்கள். நூறு ரூபாய் அனுப்பி, “வந்துச்சுங்களா” என்று போனில் கேட்டு, என்ன பெயரில் எந்தக் கணக்கில் ஏறியது என்று அவர் பாஸ்புக்கையோ செயலியையோ பார்த்துச் சொல்லட்டும். பிறகு வரம்பைப் பார்த்து, போதாவிட்டால் கிளைக்குப் போவது என்று அன்றே முடிவு செய்யுங்கள். கரண்ட் அக்கவுண்டில் ஒருவர் பதிவிட இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று அமைத்திருந்தால், அந்த இரண்டாமவர் அன்று ஊரில் இருக்கிறாரா என்பதும் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்.

கிளை வழி பழையதாகத் தெரிந்தாலும் தொகை பெரிதானால் அதுவே நிம்மதி. ஆர்டிஜிஎஸ் படிவமும் ஒரு செக் லீஃபும் தர வேண்டும். செக்கில் ‘செல்ஃப்’ என்று எழுதக் கூடாது, அது ரொக்கம் எடுப்பதற்கு. ‘யுவர்செல்ஃப் ஃபார் ஆர்டிஜிஎஸ்’ என்று எழுதி, பக்கத்தில் வாங்குபவர் பெயரைச் சேர்த்துக் குறுக்குக் கோடு போட வேண்டும். படிவத்தில் கணக்கு எண்ணை இரண்டு தடவை எழுதச் சொல்லியிருப்பார்கள். இரண்டாவது தடவை முதல் தடவையைப் பார்த்து எழுதாமல் பாஸ்புக்கைப் பார்த்து எழுதுங்கள். ஒருவர் பதிவார், இன்னொரு அதிகாரி ஒப்புதல் கொடுப்பார், தொகை பெரிதானால் உங்கள் பதிவு செய்த எண்ணுக்குப் போன் வரும். அந்த எண் பழைய சிம்மாக இருந்தால் வேலை அங்கேயே நிற்கும். கையெழுத்து மாறினாலும் நிற்கும். கணக்கில் சரியாக 75,00,000 மட்டும் வைத்திருந்தாலும் சிக்கல்தான், கட்டணத்துக்கு 58 ரூபாய் கூடுதலாக வேண்டுமே. ஆர்டிஜிஎஸ் 24 மணி நேரம் ஓடினாலும் கிளை ஓடாது. மதியத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது.

எஃப்டியில் இருக்கும் பணம்

அனுப்ப வேண்டிய தொகையில் பாதி எஃப்டியில் கிடப்பது சாதாரணம். முதிர்வுக்கு முன் உடைத்தால் பல வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் வட்டியைக் குறைக்கின்றன. 20 லட்சம் போட்டு 8 மாதம் ஆகிவிட்டது, இன்னும் 2 மாதம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீதக் குறைப்பு என்றால் உடைப்பதால் போவது சுமார் ₹13,333. அதே எஃப்டி மேல் கடன் வாங்கினால், எஃப்டி வட்டியைவிட ஒரு சதவீதம் கூடுதல் என்ற கணக்கில் இரண்டு மாதத்துக்குக் கையை விட்டுப் போவது ₹3,333. ஆர்டிஜிஎஸ் கட்டணத்தைப் பற்றிக் கேட்டவர் யாரும் இதைக் கேட்பதில்லை. எஃப்டி இரண்டு பேர் பெயரில் இருந்தால், எப்படித் திறந்தது என்பதைப் பொறுத்து இருவர் கையெழுத்தும் தேவைப்படலாம். அதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பத்திர ஆபீஸில் டிடி இன்னும் ஏன் நிற்கிறது

ஆர்டிஜிஎஸ் இத்தனை வேகமாக இருக்கும்போது சார்பதிவாளர் அலுவலக வாசலில் டிடியோடு நிற்பவர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது இல்லை. கையெழுத்துக்கு முன் பணம் வேண்டும் என்பார் விற்பவர். பணத்துக்கு முன் கையெழுத்து வேண்டும் என்பார் வாங்குபவர். அதோடு கிரயப் பத்திரத்தில் எந்தத் தேதியில், எந்த வங்கியிலிருந்து, எந்த எண்ணில் எவ்வளவு தரப்பட்டது என்று எழுத வேண்டும். யூடிஆர் எண் பணம் போன பிறகுதான் பிறக்கிறது. டிடியிலோ எண் முதல் நாளே தெரிந்துவிடும். பத்திரத்தில் அடித்துவிடலாம், ஆனால் தாள் வாங்குபவர் சட்டைப் பையிலேயே இருக்கும். கைரேகை வைத்து முடிந்ததும் கைமாறும். இந்த ஒரு வசதிக்கு ஆர்டிஜிஎஸ்ஸில் மாற்று இல்லை. வீட்டுக் கடன் தரும் வங்கிகளும் பெரும்பாலும் டிடியாகவோ பேங்கர்ஸ் செக்காகவோ கொண்டுவருவது இதனால்தான்.

விலை உண்டு. டிடி கட்டணம் தொகைக்கு ஏற்ப ஏறுவது. வங்கிக்கு வங்கி வேறுபட்டாலும் ஆர்டிஜிஎஸ்ஸைப் போலப் பல மடங்கு. எடுத்த நாளே உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும், பதிவு தள்ளிப்போனால் அதுவரை வட்டி நட்டம் உங்களுக்குத்தான். மூன்று மாதத்தில் காலாவதியாகும். விற்பவர் பக்கம் பார்த்தால், போலி டிடி ஒரு பழைய தொழில். வாங்கும் முன் டிடியின் படத்தைக் காட்டி, வழங்கிய கிளைக்கு நேராகப் பேசி எண்ணையும் தொகையையும் சரிபார்க்க வேண்டும். டிடியோடு வந்தவர் கொடுக்கும் போன் எண்ணில் பேசிப் பயனில்லை. 2018 செப்டம்பர் 15 முதல் டிடியின் முகப்பில் எடுத்தவர் பெயரும் அச்சாக வேண்டும் என்பதால், பத்திரத்தில் இருக்கும் வாங்குபவர் பெயரோடு அது ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஆர்டிஜிஎஸ்தான் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், பத்திரத்தை முழுவதும் தயாராக வைத்து, அலுவலகம் போகும் முன் வங்கியில் உட்கார்ந்து அனுப்பி, விற்பவர் தன் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு யூடிஆரைச் சேர்த்து அச்செடுப்பது நடைமுறை. விற்பவர் மேல் நம்பிக்கை குறைவு என்றால் பெரும்பகுதியை டிடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதே நாளில் இன்னொரு பணமும் போக வேண்டும் என்பதை மறப்பவர்கள் உண்டு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கோவையில் ஒரு மனையின் விலை 75 லட்சம், வழிகாட்டி மதிப்பு அதற்குள் இருக்கிறது என்றால் அரசுக்குப் போவது ₹6.75 லட்சம். அதையும் ஆன்லைனில் கட்டுவதாக இருந்தால் நெட் பேங்கிங் வரம்பில் அதற்கும் இடம் வேண்டும்.

விற்பவருக்கு 75 லட்சத்தையும் முழுதாக அனுப்பிவிடவும் கூடாது. ₹50 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்தில், விற்பவர் இந்தியாவில் குடியிருப்பவர் என்றால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து அவருடைய பேன் எண்ணில் கட்ட வேண்டும். இங்கே ₹75,000. ஆக ஆர்டிஜிஎஸ் தொகை ₹74.25 லட்சம். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டத் தவறினால் வட்டியோடு நாளொன்றுக்கு ₹200 தாமதக் கட்டணம் சேரும். முழுத் தொகையையும் அனுப்பிவிட்டு, பிறகு அந்த 75 ஆயிரத்தை விற்பவரிடம் திருப்பிக் கேட்டு நடப்பது தர்மசங்கடம். காங்கேயம், தாராபுரம் பக்கம் நகராட்சி எல்லைக்கு வெகுதூரத்தில் இருக்கும் விவசாய பூமிக்கு இந்தப் பிடித்தம் இல்லை. விற்பவர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ குடியிருப்பவர் என்றால் 1 சதவீதக் கணக்கே செல்லாது; பிடித்தம் பல மடங்கு. அந்தப் பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்குக்குத்தான் (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) போக வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கான என்ஆர்இ கணக்கில் உள்ளூர் ரூபாய் ஏறாது. அக்ரிமெண்ட் போடும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

கணக்கு எண் மட்டும்தான் பேசும்

படிவத்தில் பெயர், வங்கி, கிளை எல்லாம் எழுதினாலும், எதிர்வங்கி வரவு வைப்பது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான். பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எண் எந்தக் கணக்குக்கும் பொருந்தாவிட்டால் நல்லது, பணம் திரும்பிவிடும். ஆர்டிஜிஎஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் திருப்ப வேண்டும். தாமதித்தால் ரெப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) மேல் 2 சதவீதம் கூட்டி வட்டி தர வேண்டும். இந்த வட்டி நெஃப்ட்டுக்கும் உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும் என்பது அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு இலக்கம் மாறி, உயிரோடு இருக்கும் வேறொருவர் கணக்கில் விழுந்தால்தான் வினை. அந்த ஆள் சம்மதிக்காமல் வங்கி பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது. சம்மதிக்காவிட்டால் போலீஸ், கோர்ட் என்று போகும்.

இதற்கு நல்ல தடுப்பு ஒன்று வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸில் பெனிபிஷியரி பெயரைக் காட்டும் வசதியைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் போட்டால் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று திரையில் வரும். கட்டணம் கிடையாது, கிளையிலும் கேட்கலாம். ‘பழனிசாமி’ என்று எதிர்பார்த்த இடத்தில் ‘பழனியம்மாள்’ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஐஎஃப்எஸ்சி பதினொரு எழுத்து: முதல் நான்கு வங்கி, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளை. அந்தப் பூஜ்யத்தை ஆங்கில ‘ஓ’ என்று அடித்துவிட்டு ‘சிஸ்டம் வேலை செய்யல’ என்பவர்கள் ஏராளம். கொங்குப் பகுதியில் கூடுதலாக ஒரு தொல்லை, பழைய பாஸ்புக். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. 2022-ல் அதன் பழைய ஐஎஃப்எஸ்சிகள் செல்லாமல் போயின. சிண்டிகேட் வங்கியின் எண்கள் கனரா வங்கியோடு சேர்ந்த பிறகு 2021 ஜூலை 1 முதல் செல்லாது. ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியனிலும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும் கலந்தன. பரண்மேல் இருந்து எடுத்த பாஸ்புக்கின் நகலை விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், புது செக் லீஃபின் படத்தைக் கேளுங்கள்.

சிக்கல் தரக்கூடிய கணக்குகளும் இருக்கின்றன. இரண்டு வருடம் எந்த வரவு செலவும் செய்யாமல் போட்டிருந்த கணக்கு செயலற்றதாகிவிடும். கேஒய்சி புதுப்பிக்காத கணக்கிலும் பிரச்சினை. அரைகுறை ஆவணத்தோடு திறந்த ‘சிறு கணக்கு’ என்றால் இருப்பு ₹50,000-க்கு மேல் போகக் கூடாது, வருடத்துக்கு மொத்த வரவு ₹1 லட்சத்துக்கு மேலும் கூடாது. தோட்டம் விற்ற பணத்தை அதில் ஏற்ற முடியாது. ஊர்ச் சொசைட்டியில் மட்டும் கணக்கு வைத்திருக்கும் பெரியவர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம் வங்கி இல்லை; மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ கணக்கு வேண்டும்.

யூடிஆரைப் படிப்பது

ஆர்டிஜிஎஸ்ஸின் யூடிஆர் 22 எழுத்து. முதல் நான்கு அனுப்பிய வங்கியின் ஐஎஃப்எஸ்சியில் உள்ள அதே நான்கு. ஐந்தாவது ‘ஆர்’. ஆறாவது எந்த வழியாக அனுப்பப்பட்டது என்பதற்கான குறி. ஏழாவதிலிருந்து பதினான்கு வரை தேதி, வருடம் முதலில். கடைசி எட்டு வரிசை எண். நெஃப்ட்டில் 16 எழுத்து, ஐஎம்பிஎஸ்ஸில் 12 இலக்கம். ‘இன்னைக்குத்தான் ஆர்டிஜிஎஸ் போட்டேன்’ என்று வந்த எண்ணில் தேதி நேற்றையதாக இருந்தால், அல்லது எண்ணிப் பார்த்தால் பதினாறே இருந்தால், கதை வேறு. எண் சரியாக இருந்துவிட்டால் மட்டும் பணம் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஸ்கிரீன்ஷாட்டையும், வங்கி பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸையும் யாரும் செய்யலாம். உங்கள் கணக்கின் ஸ்டேட்மெண்டில் வரவைப் பார்க்காமல் வண்டியை விடாதீர்கள்.

நூல், துணி வியாபாரத்தில் இதைவிடப் பெரிய தொகையைத் தின்கிற மோசடி வேறு. வழக்கமாகச் சரக்கு தரும் பார்ட்டியிடமிருந்து இமெயில் வரும்: ‘எங்கள் பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தத் தடவை இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்.’ லெட்டர்ஹெட், இன்வாய்ஸ் நம்பர் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அவர்களுடைய மெயிலுக்குள் யாரோ புகுந்திருப்பார்கள். கணக்கு எண் மாற்றம் என்று எந்த வடிவில் வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய நம்பரில் பேசி, குரல் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது. போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்த முதல் சில மணி நேரம்தான் இருக்கிறது. நீங்கள் அறியாமல் யாரோ எடுத்த பணம் என்றால் மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்ற விதி உண்டு. ஆனால் நீங்களே ஓடிபி அடித்து அனுப்பியதற்கு அந்த விதியைக் காட்டி வங்கியிடம் ஜெயிப்பது கடினம்.

வாங்குகிற பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. பாக்கி வைத்த பார்ட்டி, ‘நம்ம பையன் ஒருத்தன் போடுவான்’ என்று முன்பின் தெரியாத கணக்கிலிருந்து பணம் போட்டால் வாங்காதீர்கள். அது எங்கோ நடந்த மோசடிப் பணமாக இருந்தால், வேறு மாநிலச் சைபர் கிரைம் போலீஸின் கடிதத்தில் உங்கள் கணக்கு முடங்கும். அதை விடுவிக்க அலைவதற்குள் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கும்.

செக்கும் ரொக்கமும்

செக் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 4 முதல் காலை 10 முதல் 4 மணிக்குள் கிளியரிங்குக்கு வந்த செக்குக்கு, பணம் தரும் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் முன்பு போல இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ₹5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் பாசிடிவ் பே விவரத்தை (செக்கின் எண், தேதி, பெயர், தொகையை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது) கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பல வங்கிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, கொடுக்காவிட்டால் செக் திரும்பும்.

ரொக்கத்தில் பெரிய தொகை வாங்குவதற்குச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. ஒரே ஆளிடம் ஒரே நாளில், அல்லது ஒரே வியாபாரத்துக்காக, ₹2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். வாங்கியவருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். மண்டியில் மூன்று லட்சத்துக்கு மஞ்சள் விற்று நோட்டாக வாங்கி வரும் விவசாயியும் இதற்குள் வருவார். நில அட்வான்ஸ் என்றால் வரம்பு இன்னும் கீழே, ₹20,000-லேயே தொடங்குகிறது. ஊர்க் கைமாற்றுக்கும் அதே ₹20,000தான். இதைத் தாண்டத் தொகையை ₹1.99 லட்சமாகத் துண்டு போடுவது ஒரே வியாபாரத்துக்கு என்றால் செல்லாது. வங்கி வழியே அனுப்பும்போதோ துண்டு போட அவசியமே இல்லை. ஆர்டிஜிஎஸ் போட்டதற்காக யாருக்கும் வரி வருவதில்லை. பணம் எதற்காக வந்தது என்பதற்குத்தான் வரி. தந்தை மகளுக்கு அனுப்பும் 40 லட்சத்துக்கு வரி இல்லை, உறவில்லாதவர் சும்மா தரும் ₹50,000-க்கு மேற்பட்ட தொகைக்கு உண்டு. படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் காலியாக விடுகிற அந்த இடத்தில் ‘மனை எண் 14 கிரயம்’, ‘கைமாற்று திருப்பியது’ என்று இரண்டு சொல் எழுதினால், மூன்று வருடம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.

பணம் கழிந்தது, ஏறவில்லை, திரும்பவும் இல்லை என்றால் யூடிஆரோடு உங்கள் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். எதிர்வங்கிக்கு அலைய வேண்டியதில்லை; தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் வங்கியின் வேலை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர் அதிகாரி) அதே எண்ணைக் குறிப்பிட்டு இணையத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, விவரம் கேட்க 14448.